நெடுவலுக்கு ஒரு பழைய ஹைலக்ஸ்: சிங்கிள் கேப்புக்குள் இடம் எடுப்பது எப்படி?

மட்டக்குளி நெடுவல்

எல்லாருக்கும் வணக்கம். கனகாலமாக இங்கே வாசிக்கிறவன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

என்னிடம் இருப்பது 1994ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், ஒரே வரிசைச் சீட் உள்ள சிங்கிள் கேப். மொடல் எல்என் 85, 2.4 லீற்றர் டீசல் எஞ்சின். மாமா ஓட்டிய வாகனம். அவர் ஐந்தடி நாலு அங்குலம், நான் ஆறடி மூன்று. மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம்.

கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை. ஒவ்வொரு நாளும் வத்தளை, பேலியகொடைப் பக்கம் சாமான் இறக்குகிறேன். மாதத்தில் ஒரு தரம் வவுனியா. வவுனியா போய் இறங்கினால் முதல் பத்து நிமிடம் கிழவன் மாதிரித்தான் நடப்பேன்.

என்னென்ன இடிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வலது முழங்கால் கதவில் இருக்கும் கண்ணாடி சுற்றும் கைபிடியில் இடிக்கும். கிளச்சை விடும்போது இடது முழங்கால் ஸ்டியரிங் தண்டுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் கவரில் முட்டும். பள்ளத்தில் விழுந்தால் தலை கூரையில். சிக்னலில் முதல் ஆளாக நின்றால் மேலே எந்த நிற விளக்கு எரிகிறது என்று தெரியாது, குனிந்து உள்ளே தொங்கும் கண்ணாடிக்குக் கீழால் பார்க்க வேண்டும். பின்னுக்கு நிற்கும் ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தால் பச்சை விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

சீட்டைப் பின்னுக்குத் தள்ளலாம் என்றால் அது ஏற்கெனவே பின்சுவரில் முட்டித்தான் நிற்கிறது. மூன்று பேர் இருக்கும் ஒரே நீட்டுச் சீட்.

விற்றுவிட்டு வேறு வாங்கு என்று சொல்ல வேண்டாம். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது, 2025இல் திறந்தது, ஆனாலும் வரியோடு கேட்கிற விலைக்குக் கடையை விற்க வேண்டும். அதோடு இந்த எஞ்சின் இன்னும் ஒரு உதையில் ஸ்டார்ட் ஆகிறது. விட மனமில்லை.

சும்மா வந்தவன்

கூரையில் ஒரு வட்ட ஓட்டை போட்டுத் தலையை வெளியே விடுங்கோ. சிக்னல் பிரச்சினையும் சேர்த்துத் தீரும்.

பழைய டீசல்

தம்பி, ஸ்பானரைத் தொட முதல் அளவு நாடாவைத் தொடும். முப்பது வருஷமாக இந்த ஹைலக்ஸ் இனத்தோடு மாரடிக்கிறவன் சொல்கிறேன்.

நெட்டையானவர்கள் எல்லாரும் "இடம் காணாது" என்ற ஒரே முறைப்பாட்டோடுதான் வருவார்கள். ஆனால் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு முதுகு நீளம். இரண்டுக்கும் மருந்து எதிர்மாறு. கால் நீளமானவருக்குச் சீட்டை ஒரு அங்குலம் உயர்த்தினால் முழங்கால் விரிந்து சுகமாகிவிடும். முதுகு நீளமானவருக்கு அதையே செய்தால் தலை கூரையில் ஒட்டும். உமக்கு இரண்டும் இடிக்கிறது என்கிறீர். எது கூட இடிக்கிறது என்று முதலில் பிடிக்க வேணும்.

வழமையாகப் போடும் சப்பாத்தோடு ஏறி இரும். செருப்போடு அளந்துவிட்டுச் சப்பாத்தோடு ஓடினால் அளவு பிழைக்கும். கிளச்சை அடிமட்டும் மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேணும், விறைத்த காலால் மிதிக்கக் கூடாது. பிறகு தோள் சாய்வில் ஒட்டியபடி கையை நீட்டும். மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் விழ வேணும். தலைக்கும் கூரைக்கும் நடுவில் பொத்திய கை போக வேணும், குறைந்தது நாலு விரலாவது. இந்த மூன்றும் ஒரு முக்கோணம். ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்ற இரண்டும் கூடவே அசையும். சீட்டை மட்டும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஸ்டியரிங்குக்காகக் குனிந்து ஓட்டி நாரி பிடித்துக்கொண்டவர்கள் இங்கே கனபேர்.

அளவுகளைப் போடும், பார்ப்போம்.

ஹட்டன் லொறி

அண்ணே, எதுக்கு இவ்வளவு கணக்கு? கேபின் பின்சுவருக்கும் சாமான் ஏத்துற பெட்டிக்கும் நடுவுல இடம் இருக்குதானே. சுவரை வெட்டி நாலு அங்குலம் பின்னுக்கு எடுத்து, புதுத் தகடு போட்டு வெல்ட் பண்ணிடலாம். பழைய லொறி கேபினை இப்படி நீட்டியதை எங்க ஊர்ல பார்த்திருக்கேன். இல்லன்னா கேபினைத் தூக்கி, அது உட்கார்ந்திருக்கிற ரப்பருக்குக் கீழே கட்டை வைச்சா உயரம் கிடைக்கும்.

கிராண்ட்பாஸ் லேத்

தம்பி ஹட்டன், உங்கள் நல்ல மனது விளங்குகிறது. ஆனால் இந்த இரண்டும் வேண்டாம்.

கட்டை வைத்துத் தூக்குவதை முதலில் சொல்கிறேன். கேபின் சேசியில் இருந்து மேலே போகும், சரி. ஆனால் சீட், தரை, கூரை மூன்றும் கேபினோடு சேர்ந்துதானே மேலே போகின்றன? உள்ளே ஒரு நூலளவு கூட இடம் கூடாது. பெரிய ரயர் போடுகிறவர்கள் செய்யும் வேலை அது. வீட்டைத் தூணில் ஏற்றினால் அறையின் கூரை உயராது.

இனி பின்சுவர். அந்த இடைவெளியைச் சும்மா விட்டு வைக்கவில்லை. பிக்கப்பில் கேபின் தனி, பெட்டி தனி, இரண்டும் சேசியில் தனித்தனியாக இருக்கின்றன. ஒரு சில்லு பள்ளத்தில் இறங்கும்போது சேசி முறுகும். அப்போது கேபின் ஒரு பக்கம் சரியும், பெட்டி இன்னொரு பக்கம். பின்னால் இருந்து யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோடு கத்தரிக்கோல் போல் திறந்து மூடும். அந்த அசைவுக்காக விட்ட இடம் அது. நாலு அங்குலம் சுவரைத் தள்ளினால் தகடும் தகடும் இடித்துக் கண்ணாடி வெடிக்கும்.

அதை விட, அந்தச் சுவர்தான் இரண்டு கதவுத் தூண்களையும் கூரையையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. வாகனம் பிரண்டால் உங்கள் தலைக்கு மேலே கூரையை நிறுத்தி வைப்பதில் பெரும் பங்கு அதற்கு. முப்பது வருஷத் துருவில் வெல்ட் பிடிக்க வேறு வேண்டும்.

அப்படியும் வெட்டத்தான் போகிறீர்கள் என்றால் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

ஹட்டன் லொறி

சரிங்கண்ணே. முறுகுற விஷயம் யோசிக்கல. நான் பார்த்த லொறியில கண்ணாடியே இருக்கல, இப்பதான் ஏன்னு விளங்குது.

மட்டக்குளி நெடுவல்

அளந்தேன். மச்சான் நாடாவைப் பிடித்தான். கிளச்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் ஸ்டியரிங் கவரைத் தொட்டபடிதான் இருக்கிறது. கை நீட்டினால் ஸ்டியரிங்கின் உச்சி மணிக்கட்டுக்குப் பதிலாக முழங்கைக்குக் கிட்ட வருகிறது. தலைக்கு மேலே இரண்டு விரல். ஆக, பழைய டீசல் அண்ணை கேட்டதற்குப் பதில்: காலுக்குத்தான் கூடப் பஞ்சம், தலைக்குக் கொஞ்சம்.

ஒரு வெட்கக்கேடும் சொல்ல வேண்டும். சீட்டின் சாய்வை முன்னுக்கு மடித்துப் பார்த்தேன். பின்னால் வாகனம் தூக்கும் ஜக், சில்லுச் சாவி, மாமாவின் குடை, அரைச் சாக்கு பழந்துணி, ஒரு கயிற்றுக் கட்டு. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சீட்டைத் தள்ளினால் ஒன்றேகால் அங்குலம் பின்னுக்குப் போகிறது. இரண்டு வருஷமாக ஒரு குடைக்குப் பின்னால் மடிந்து கிடந்திருக்கிறேன்.

சும்மா வந்தவன்

அந்தக் குடையை விரித்து வைக்காத வரைக்கும் நல்லது.

பழைய டீசல்

பார்த்தீரா, ஒன்றேகால் அங்குலம் சும்மா வந்தது. ஜக்கையும் சாவியையும் பெட்டிக்குள் ஒரு பூட்டுப் பெட்டி வைத்துப் போடும். சீட்டுக்குப் பின்னால் சும்மா செருகி விட வேண்டாம், சடுதியாக பிரேக் பிடித்தால் முன்னுக்கு வரும்.

இப்போது அந்தக் கண்ணாடி சுற்றும் கைபிடியைக் கவனிப்போம். அதைக் கழற்றக் கன பேர் ஸ்குரூ டிரைவரால் நெம்பிக் கதவு அட்டையைக் கிழிப்பார்கள். தேவையில்லை. கைபிடிக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு துணித் துண்டைச் செருகி, இரண்டு நுனியையும் பிடித்துச் சப்பாத்துப் பொலிஷ் போடுவது போல மாறி மாறி இழுக்க வேணும். உள்ளே இருக்கும் கம்பிக் கிளிப்பில் துணி கொளுவி 'டிக்' என்று அதைத் தள்ளிவிடும். கிளிப் எங்கே பறக்கிறது என்று பார்த்துக்கொள்ளும், அதைத் தேடுவதற்குத்தான் அரை மணித்தியாலம் போகும். பிறகு கண்ணாடி மூடியிருக்கும்போது கைபிடி மேல்முன் பக்கமாக நிற்கிற மாதிரி, அது கொளுவும் தண்டின் பல்லை மாற்றிப் போட்டால் முழங்காலுக்கு வழி விடும். செலவு பூச்சியம்.

குஷன்கடை மகன்

அப்பா 1980களில் இருந்து சீட் வேலை செய்கிறார், நான் பக்கத்தில் நின்று வளர்ந்தவன். இந்த விஷயத்தில் இரும்புக்குப் போக முதல் ஸ்பொஞ்சுக்கு வாருங்கள் அண்ணா. உங்களுக்கு வேண்டிய இடத்தில் பாதி சீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அந்த ஹைலக்ஸ் நீட்டுச் சீட்டின் சாய்வில் நல்ல தடிப்பான ஸ்பொஞ். தயாரித்தவர்கள் யாரை மனதில் வைத்துச் செய்தார்களோ, அவருக்கு அது சரி. உங்களுக்கு அந்தத் தடிப்பு முழுக்க நட்டம். சாய்வில் ஒன்றரை அங்குலம் குறைத்து, பழைய மெத்தென்ற ஸ்பொஞ்சுக்குப் பதிலாக இறுக்கமான ரகம் போட்டால், சீட் சறுக்கும் தண்டவாளத்தைத் தொடாமலே உங்கள் இடுப்பு ஒன்றரை அங்குலம் பின்னுக்குப் போகும்.

இருக்கையில் கவனம். எல்லாரும் "சீட்டைப் பதியுங்கோ" என்று வந்து முழுக்க ஒரே அளவாகச் சீவச் சொல்வார்கள். அது பிழை. இடுப்பு பதியும் பின்பகுதியில் மட்டும் ஒரு அங்குலம், கூடினால் ஒன்றேகால் இறக்க வேண்டும். முன் விளிம்பை அப்படியே விட வேண்டும். அப்போது தலையும் கீழே வரும், தொடைக்கும் தாங்கல் கிடைக்கும். முன் விளிம்பையும் சீவினால் தொடை அந்தரத்தில் தொங்கும், முழு நிறையும் வால் எலும்பில் இறங்கும்.

உறையைக் கழற்றும்போது ஸ்பிரிங்குக்கும் ஸ்பொஞ்சுக்கும் நடுவில் ஒரு சாக்குத்துணி இருக்கும். அது உக்கியிருந்தால் புதுசு போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஸ்பிரிங் ஒரே வருஷத்தில் புது ஸ்பொஞ்சைத் தின்றுவிடும். இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு அடுத்த வருஷம் இன்னொரு தடவை காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

இயன்மருத்துவ அக்கா

தம்பி, வவுனியா போய் இறங்கினதும் கிழவன் மாதிரி நடக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கேள்வி: பேர்ஸ் எங்கே இருக்கிறது?

பின் பொக்கற்றில் என்றால் இன்றைக்கே எடுங்கள். ஒரு பக்க இடுப்பு உயர்ந்தபடி ஐந்தாறு மணித்தியாலம் இருந்தால் முள்ளந்தண்டு வளைந்தபடியே இருக்கும். பிட்டத்து நரம்பும் நெரிபடும். என்னிடம் வரும் லொறிச் சாரதிகளில் சிலருக்கு நான் கொடுக்கும் முதல் சிகிச்சை பேர்ஸை மேசையில் வைக்கச் சொல்வதுதான்.

குஷன்கடைத் தம்பி சொன்ன பின்பக்க இறக்கம் சரிதான், ஆனால் அளவோடு. இடுப்பு முழங்காலை விடக் கனக்கக் கீழே போனால் நாரி வெளிப்பக்கமாக வளையும். சாய்வில் ஸ்பொஞ் குறைக்கும்போது நாரிக்கு நேரே, இடுப்புப் பட்டிக்குச் சற்று மேலே, கொஞ்சம் கூட விடச் சொல்லுங்கள். வெட்டக் கொடுக்க முதல் ஒரு துவாயைச் சுருட்டி அந்த இடத்தில் வைத்து ஒரு கிழமை ஓட்டிப் பாருங்கள். எந்த உயரம் சரி என்று உங்கள் முதுகே சொல்லும்.

ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது இறங்கி நடக்க வேண்டும். வவுனியா வரைக்கும் ஒரே மூச்சில் ஓட்டுவது வீரம் இல்லை.

பஞ்சிகாவத்தை வாசி

சீட் தண்டவாளத்தைப் பின்னுக்கு எடுப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் என் கதையைச் சொல்கிறேன். மற்றவர்கள் செய்யாமல் இருப்பதற்காக.

என்னிடம் இருந்ததும் அதே காலத்து வாகனம், சிங்கிள் கேப்தான். நான் ஆறடி ஒன்று. ஒரு கராஜில் தண்டவாளத்தின் காலை வெட்டி, இடையில் தகட்டுத் துண்டு வைத்து வெல்ட் பண்ணித் தந்தார்கள். கறுப்புப் பெயின்ட் அடித்து வடிவாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் நல்லாகவே ஓடினேன். வெல்ட் சூட்டில் தண்டவாளம் மயிரிழை அளவு வளைந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. நீட்டுச் சீட்டில் இரண்டு பக்கமும் பூட்டு இருக்கிறது அல்லவா? ஒரு பக்கம் மட்டும்தான் விழுந்துகொண்டிருந்தது.

கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நிறுத்தி, மறுபடி எடுக்கும்போது கிளச்சை மிதித்தேன். சீட் 'கடக்' என்று பின்னுக்குப் போய்விட்டது. கால் கிளச்சை விட்டு வெளியே. பிரேக்குக்கும் எட்டவில்லை. கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கியபடி கைபிரேக்கை இழுத்தேன். பின்னால் வந்த வான்காரர் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார், அது என் அதிர்ஷ்டம்.

அதற்குப் பிறகு வெல்ட் பண்ணிய தண்டவாளத்தில் நான் இருப்பதில்லை. பழைய வாகனச் சாமான் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு நானாவிடம் பழைய தண்டவாளச் சோடி ஒன்று எடுத்தேன். கடையில் வைத்தே இரண்டு பூட்டும் ஒரே நேரத்தில் விழுகின்றனவா என்று பத்துத் தடவை இழுத்துப் பார்த்துத்தான் காசு கொடுத்தேன். நானா சிரித்தார், "தங்கம் வாங்குறீங்களா" என்று.

கிராண்ட்பாஸ் லேத்

பஞ்சிகாவத்தை சொன்னதுதான் சரி. தண்டவாளத்தில் வெல்ட் வேண்டாம். தேவை என்றால் 6 மில்லிமீற்றர் தகட்டில் ஒரு இடைத்துண்டு வெட்டி, பழைய ஓட்டையில் ஒரு போல்ட், புது இடத்தில் இன்னொரு போல்ட் என்று பிடிக்கலாம். போல்டின் தலையில் அதன் பலத்தைக் காட்டும் 8.8 என்ற எண் பொறித்திருக்க வேண்டும். ஜன்னல் கம்பிக்குப் போடும் போல்ட் இதற்கு வேண்டாம், விபத்தில் அது சோக்கட்டி மாதிரி முறியும். தரையில் புது ஓட்டை போட்டால் கீழ்ப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தகடு வைத்துத்தான் நட் பூட்ட வேண்டும். சின்ன வாஷர் மட்டும் போட்டால் பழைய தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

ட்ரில் வைக்க முதல் கீழே படுத்துப் பாருங்கள். பிரேக் குழாயும் டீசல் குழாயும் கீழே போகின்றன. மேலே கம்பளத்துக்கு அடியில் கதவோரமாக வயர் கட்டும் இருக்கலாம்.

ஆனால் நெடுவல் தம்பி, உங்கள் சீட் ஏற்கெனவே சுவரில் முட்டுகிறது. தண்டவாளத்தை மாற்றி என்ன லாபம்? ஸ்பொஞ் வேலை முடிய, அதற்குப் பிறகும் காணாவிட்டால் மட்டும் இதை யோசியுங்கள்.

ஹட்டன் லொறி

கிளச் பெடலை வெட்டி வளைச்சா முழங்கால் கீழே வரும்தானே? இது கேள்வி மட்டும்தான், யோசனை இல்ல.

பழைய டீசல்

கேள்வி நல்ல கேள்வி. வெட்டவும் வேண்டாம், வளைக்கவும் வேண்டாம். பெடலின் உயரத்தை மாற்ற வாகனத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். பெடலின் மேல் முனையில் ஒரு நிறுத்தும் போல்ட் இருக்கிறது, அதைத் திருகினால் பெடல் நிற்கும் உயரம் இறங்கும். அப்புறம் தள்ளுகம்பியின் நட்டைத் தளர்த்தி விளையாட்டை, அதாவது பெடல் சும்மா போகும் தூரத்தை, மீண்டும் வைக்க வேணும். 5 முதல் 15 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். விளையாட்டே இல்லாமல் விட்டால் கிளச்சின் பெயரிங் எப்போதும் அழுத்தியபடி இருக்கும், கிளச் நழுவத் தொடங்கும், அடுத்த மாதம் கிளச் தட்டு வாங்கப் போவீர். இறக்கி முடிந்ததும் ரிவர்ஸ் கியர் சத்தமில்லாமல் விழுகிறதா என்று பாரும். கரகரத்தால் கிளச் முழுதாக விடவில்லை, கொஞ்சம் திரும்ப உயர்த்த வேணும்.

பிரேக் பெடலில் கை வைக்க வேண்டாம். அங்கே விளையாட்டு இல்லாமல் போனால் பிரேக் சூடாகித் தானாகப் பிடிக்கத் தொடங்கும்.

சும்மா வந்தவன்

ஸ்டியரிங்கைச் சின்னதாக மாற்றினால் என்ன? ரேஸ்காரர்கள் போடுகிற மாதிரி. (இது பகிடி இல்லை, உண்மையாகவே கேட்கிறேன்.)

பஞ்சிகாவத்தை வாசி

தொடைக்கு இடம் வரும். ஆனால் பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் 38 சென்ரிமீற்றரில் இருந்து 32க்கு இறங்கினால் புறக்கோட்டைச் சந்துக்குள் திருப்பும்போது அழுகை வரும். 35 சரி. எனக்கு அதை விட உதவியது ஸ்டியரிங் சக்கரத்துக்கும் தண்டுக்கும் நடுவில் போடும் பொஸ் என்ற இடைத்துண்டு. ஒரு அங்குல பொஸ் போட்டால் சக்கரம் உங்களுக்குக் கிட்டவும் வரும், தண்டு சரிந்திருப்பதால் சற்று மேலேயும் போகும். பின்னுக்குத் தள்ளி இருக்கிற நெட்டையனுக்கு இரண்டும் தேவை. காற்றுப்பை உள்ள வாகனத்தில் இதைக் கனவிலும் செய்யக் கூடாது. உங்கள் சக்கரத்தில் அது இல்லை, அதனால் பரவாயில்லை.

ஹோர்ன் வயரை மறந்துவிட வேண்டாம். நான் மறந்தேன். மருதானைச் சந்தியில்தான் ஹோர்ன் இல்லை என்று தெரிந்தது. கொழும்பில் பிரேக் இல்லாமல் கூட ஒரு மாதிரி சமாளிக்கலாம் என்று தோன்றியது அன்றைக்கு.

காப்புறுதித் தம்பி

மூன்று விஷயம் மட்டும், சுருக்கமாக.

நீட்டுச் சீட்டைக் கழற்றிவிட்டு இரண்டு தனிச் சீட் போடலாமா என்று என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். இடம் கிடைக்கும்தான். ஆனால் பதிவுப் புத்தகத்தில் ஆசன எண்ணிக்கை மூன்று என்று இருக்கும். அது மாறும்போது புத்தகத்திலும் மாற வேண்டும், காப்புறுதிக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாயால் சொன்னேன் என்பது நட்டஈட்டு நேரத்தில் நிற்காது.

அடுத்தது ஆசனப்பட்டி. சீட் பின்னுக்குப் போகப் போகப் பட்டி தோளுக்கு முன்னால் இருந்து வரத் தொடங்கும். அப்படி வந்தால் அது தோளைப் பிடிக்காது. மேல் பிடி தோளுக்குச் சற்றுப் பின்னாலும் தோளுயரத்திலும் இருக்க வேண்டும். பட்டியைக் கழற்றிப் பூட்டும்போது அதன் போல்ட் சாதாரண மில்லிமீற்றர் போல்ட் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். 7/16 அங்குலம், நுண்புரி. வேறு போல்டைப் பலவந்தமாகத் திருகினால் தூணுக்குள் இருக்கும் புரி போய்விடும், அதை எடுப்பது பெரிய சோலி.

மூன்றாவது, தலை. பின்னுக்குப் போனால் உங்கள் பின்மண்டைக்கும் பின்கண்ணாடிக்கும் உள்ள தூரம் என்ன? யாராவது பின்னால் இடித்தால் உங்கள் தலை நேரே கண்ணாடியில். பழைய சீட்டின் தலைத்தாங்கி ஆறடி மூன்றுக்குக் கழுத்தில்தான் நிற்கும்.

மட்டக்குளி நெடுவல்

மூன்றாவதை வாசித்ததும் போய் அளந்தேன். மூன்றரை விரல். இரவு சரியாக நித்திரை வரவில்லை.

குஷன்கடை மகன்

அண்ணா, தலைத்தாங்கியை உயர்த்தலாம். கம்பி நீளமான வேறு வாகனத்துத் தாங்கி எடுத்து, கம்பியின் தடிப்பும் இரண்டு கம்பிக்கும் நடுவில் உள்ள தூரமும் ஒத்து வருகிறதா பார்க்க வேண்டும். உங்கள் பழைய தாங்கியைக் கையோடு கொண்டு போனால் பஞ்சிகாவத்தையில் பத்து நிமிட வேலை.

மட்டக்குளி நெடுவல்

மூன்று கிழமை கழித்து வருகிறேன். வேலை முடிந்தது, விபரம் தருகிறேன்.

சுருட்டிய துவாயோடு ஒரு கிழமை ஓட்டினேன். அக்கா சொன்னதுபோல இடம் பிடிபட்டது, பட்டிக்கு நாலு விரல் மேலே. பேர்ஸ் இப்போது டாஷ்போர்டில்.

பிறகு சீட்டை இறக்கி ஓட்டோ ஒன்றில் ஏற்றிக் குஷன் வேலை செய்யும் பாஸிடம் கொண்டு போனேன். பாஸ் இடுக்கியால் வளையக் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டி ரெக்சினை உரித்தார். உள்ளே ஸ்பொஞ் என்று ஒன்று இல்லை, மஞ்சள் மாவாக உதிர்ந்தது. மாவுக்குள் இரண்டு ரூபாய்க் குற்றிகள் ஐந்து, மாமாவின் ஒரு சட்டைத் தெறி, யாருடையதோ ஒரு கொண்டை ஊசி. கொண்டை ஊசியை மாமிக்குக் காட்டவில்லை.

சாக்குத்துணி உக்கித்தான் இருந்தது. கேட்டு மாற்றுவித்தேன். பாஸ் இருக்கையை ஒரே அளவாகச் சீவப் போனார். "பின்பக்கம் மட்டும் பாஸ்" என்று பேனையால் கோடு போட்டுக் காட்டினேன். என்னை ஒரு தரம், கோட்டை ஒரு தரம் பார்த்தார். பிறகு என்னைப் பலகையில் இருத்தி அவரே இன்னொரு கோடு போட்டார், என் கோட்டை விட அரை அங்குலம் முன்னுக்கு. அவருடையதுதான் சரியாக வந்தது. கூலி, ஸ்பொஞ், ரெக்சின் எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்துக்குக் கிட்ட.

கணக்கு இதுதான். பின்னால் இருந்த குப்பையை எடுத்ததில் ஒன்றேகால், சாய்வில் ஒன்றரை, ஆகக் காலுக்கு இரண்டே முக்கால் அங்குலம். இருக்கையில் ஒரு அங்குலம் இறக்கினோம். தொங்கிக் கிடந்த கூரை லைனிங்கை ஒட்டுவித்ததில் தலைக்கு இன்னும் அரை. கண்ணாடிக் கைபிடி திரும்பியாயிற்று, கிளிப் பறக்கத்தான் செய்தது, மச்சானின் தேநீர்க் கோப்பைக்குள் கிடந்தது. கிளச் கொஞ்சம் இறக்கினோம், ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. பொஸ் ஒரு அங்குலம், சக்கரம் 35. ஹோர்ன் அடிக்கிறது.

தலைத்தாங்கிதான் அலைய வைத்தது. நாலு கடை ஏறி ஐந்தாவதில் கம்பி ஒத்து வந்தது. உயரம் இப்போது காதுக்கு நேரே. ஸ்பொஞ் குறைத்ததில் தலை இன்னும் பின்னுக்குப் போயிருக்கிறது. நல்லகாலம், புதுத் தாங்கி தடிப்பாக இருக்கிறது, கண்ணாடிக்கும் தலைக்கும் நடுவில் அது நிற்கிறது. தண்டவாளத்தைத் தொடவே இல்லை. ஆனால் கடுகண்ணாவைக் கதையை வாசித்த பிறகு இரண்டு பூட்டையும் கழுவி கிறீஸ் போட்டேன். வலப்பக்கப் பூட்டுக்குள் ஒரு ஆணி சிக்கியிருந்தது. ஹார்ட்வெயார்காரன் வாகனம், வேறு என்ன இருக்கும்.

நேற்று வவுனியா போய் வந்தேன். இறங்கி நேரே நடந்தேன்.

மாமா போன ஞாயிறு வந்து ஏறிப் பார்த்தார். கிளச்சுக்குக் கால் எட்டவில்லை. சீட்டை முன்னுக்கு இழுத்தார், எட்டியது, ஆனால் இடுப்பு குழிக்குள் போய் பொனெட்டுக்கு மேலால் ஒன்றும் தெரியவில்லையாம். தலையணை ஒன்று கேட்டார்.

இயன்மருத்துவ அக்கா

மாமாவுக்குத் தலையணை வேண்டாம், நழுவும். கீழே ரப்பர் பிடியுள்ள குஷனாக வாங்கிக் கொடுங்கள்.

சும்மா வந்தவன்

சிக்னல் தெரிகிறதா?

மட்டக்குளி நெடுவல்

இப்போது கொஞ்சம் தெரிகிறது. முழுக்க இல்லை. உள் கண்ணாடியைக் காலம் போனால் மாற்றிப் பார்க்கலாம். அதுவரைக்கும் பின்னால் ஓட்டோக்காரன் இருக்கிறான்.

பழைய டீசல்

தம்பி, சீட்டை இறக்கி ஏற்றினீர் அல்லவா? ஒரு மாதம் ஓடினபிறகு நாலு போல்டையும் இன்னொரு தரம் இறுக்கிப் பாரும்.

மட்டக்குளி நெடுவல்

இப்போதே போய்ப் பார்த்தேன் அண்ணை. மூன்று அசையவில்லை. பின் வலது போல்ட் கால் சுற்றுப் போனது.